பையை அழுத்தத் தெரிந்த கை

பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. தலை, கழுத்து, மார்பு. மார்புக்குள் நுரையீரல் என்ற பெயரில் இரண்டு பிளாஸ்டிக் பைகள். மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தில் மேஜை மீது கிடக்கும் இந்த அரை மனிதனைச் சுற்றி எட்டுப் பத்து மாணவர்கள். முதலில் முன்வருபவர் மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கைக் கவிழ்த்து, ஆம்பு பையை அழுத்துகிறார். மார்பு எழவில்லை. கன்னத்தோரமாகக் காற்று 'புஸ்' என்று வெளியேறுகிறது. பின்வரிசையில் சிரிப்பு. மாணவர் இன்னும் பலமாக அழுத்துகிறார், இன்னும் வேகமாக. பொம்மையின் தலை ஒருபுறம் சாய்கிறது. மார்பு அப்போதும் அசையவில்லை.

இந்தக் காட்சி தில்லியிலும் நடக்கும், திப்ருகரிலும் நடக்கும். எம்.பி.பி.எஸ். மாணவரானாலும் நர்ஸிங் மாணவியானாலும் முதல் நாள் தவறு ஒன்றுதான்: மாஸ்க்கை முகத்தின் மீது அமுக்குவது. அமுக்கினால் தாடை பின்னுக்குப் போகும், நாக்கு தொண்டையை அடைக்கும், காற்றுக்கு வழியில்லை. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் 'சி' என்ற ஆங்கில எழுத்துப் போல வளைந்து மாஸ்க்கைப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் 'இ' போல விரிந்து தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். மாஸ்க் முகத்துக்கு இறங்குவதில்லை, முகம் மாஸ்க்குக்கு ஏறி வருகிறது. பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி. கைக்கு வர அரை நாள் ஆகலாம். சிறிய கை உள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம். இரண்டு கைகளாலும் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, பையை அழுத்தும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை என்று நல்ல ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடுத்த தவறு வேகம். நாடி துடித்துக்கொண்டிருக்க மூச்சு மட்டும் நின்றுபோன பெரியவருக்கு ஆறு வினாடிக்கு ஒரு மூச்சு போதும். நிமிடத்துக்குப் பத்து. ஒவ்வொன்றும் ஒரு வினாடி நீளம், மார்பு எழுவது கண்ணுக்குத் தெரிகிற அளவு. அவ்வளவுதான். ஆனால் எதிரே ஒருவர் நீலம் பாரித்துக் கிடக்கும்போது ஆறு வினாடி என்பது ஒரு யுகம். பதறும் கை சும்மா இருக்காது. இது கற்றுக்குட்டிகளின் பலவீனம் மட்டுமல்ல. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், இதயம் நின்றுபோனவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எப்படி மூச்சுக் கொடுக்கிறார்கள் என்று ஒரு மருத்துவக் குழு கவனித்தது. 2004ல் வெளியான அந்த ஆய்வின்படி, நன்கு பயிற்சி பெற்ற அந்தக் கைகள் சராசரியாக நிமிடத்துக்கு 30 முறை அழுத்திக்கொண்டிருந்தன. இடையில் மறுபயிற்சி கொடுத்த பிறகும் விதித்த அளவுக்கு வேகம் இறங்கவில்லை. விளைவு விபரீதமானது. மார்புக்குள் அழுத்தம் குறையாமல் நின்றால், உடலிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் திரும்பாது. நல்ல எண்ணத்தோடு அழுத்துகிற கையே ரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடும்.

இத்தனை சின்ன விஷயத்துக்கு இவ்வளவு விளக்கம் எதற்கு என்று கேட்பவர் அரசு ஆஸ்பத்திரிகளின் இரவுகளைப் பார்த்திருக்க மாட்டார். வென்டிலேட்டர் காலி இல்லாதபோது, தொண்டையில் குழாய் செருகப்பட்ட நோயாளியின் தலைமாட்டில் மகனோ, மனைவியோ, மைத்துனனோ உட்கார்ந்து மணிக்கணக்காகப் பையை அழுத்திக்கொண்டிருப்பது பல மாநிலங்களில் பழகிப்போன காட்சி. ஒருவர் கை சோர்ந்தால் மற்றவர். 2017 ஆகஸ்ட் 10 இரவு உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வரத்து தடைபட்டபோது, குழந்தைகளின் பெற்றோர் கையில் கொடுக்கப்பட்டதும் இந்தப் பைதான். யார் பொறுப்பு என்ற சர்ச்சை வருடக்கணக்கில் நீண்டது. பையை வாங்கிய அந்தக் கைகளுக்கு எத்தனை வினாடிக்கு ஒருமுறை என்று சொல்லிக்கொடுக்க அந்த இரவில் யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

இயந்திரம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை கோவிட் காலத்தில் உடைந்தது. 2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க ரூ. 2,000 கோடி ஒதுக்கப்பட்டது. உள்நாட்டிலேயே தயாரித்து, லாரிகளில் ஏற்றி, மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார்கள். சில மாதங்களில் செய்த காரியம் அது. குறை சொல்ல முடியாத வேகம். அடுத்த ஆண்டு இரண்டாவது அலையில் மக்கள் படுக்கைக்கு அலைந்துகொண்டிருந்தபோது, பல இடங்களில் அந்த இயந்திரங்கள் பெட்டி பிரிக்கப்படாமல் கிடப்பதாகச் செய்திகள் வந்தன. இயந்திரத்தில் பழுதா, சுவரில் உள்ள ஆக்ஸிஜன் குழாயில் அழுத்தம் போதவில்லையா, இயக்கத் தெரிந்த ஆள் இல்லையா என்று மாநிலங்களும் மத்திய அரசும் வாதாடிக்கொண்டன. 2021 மே 15 அன்று பிரதமர் தலைமையில் நடந்த கூட்டத்தில், வென்டிலேட்டர்கள் எங்கெங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்று உடனே தணிக்கை செய்யச் சொன்னார்கள். தேவைப்பட்டால் ஊழியர்களுக்கு அவற்றை இயக்க மறுபயிற்சி கொடுக்க வேண்டும் என்ற உத்தரவும் அதோடு வந்தது. வாங்கும் பட்டியலில் கடைசியில் இருந்த விஷயம், நெருப்பு பிடித்த பிறகு முதல் வரிக்கு வந்தது.

இயந்திரம் இல்லாமல் கைகளை மட்டும் வைத்துச் சமாளித்த கதையும் மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. 1952ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ வெடித்தது. ப்ளெக்டம் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு 'இரும்பு நுரையீரல்' இயந்திரமும், மார்பின் மீது கவசம் போல மாட்டுகிற சிறிய கருவிகள் ஆறும் இருந்தன. மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்தவர்களோ ஏராளம். முதல் சில வாரங்களில் அப்படி வந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர் பை மூலம் கையால் மூச்சுக் கொடுத்துக் காட்டினார். சிறுமி பிழைத்தாள்.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு நோயாளிக்கு இரவும் பகலும் பை அழுத்த ஆள் வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 70க்கு மேற்பட்ட நோயாளிகள். எங்கிருந்து வருவார்கள் ஆட்கள்? நகரத்தின் மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். மாதக்கணக்கில், சுமார் 1,500 பேர், முறை வைத்துக்கொண்டு படுக்கையருகே உட்கார்ந்து அழுத்தினார்கள். அப்போது நீண்ட பயிற்சிக்கெல்லாம் நேரமில்லை. ஆனால் பை கையில் இருந்ததால் அவர்களுக்கு ஒரு செய்தி கிடைத்துக்கொண்டே இருந்தது. சளி அடைத்தால் பை கனக்கும். நுரையீரல் இளகினால் லேசாகும். பேச முடியாத நோயாளி கண்ணால் காட்டும் ஜாடையைப் புரிந்துகொண்டார்கள். நூற்றுக்கு எண்பதைத் தாண்டியிருந்த சாவு நாற்பதுக்கும் கீழே இறங்கியது. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என்று அழைக்கப்படுவதன் பிறப்பிடமே அந்த வார்டுதான் என்பார்கள்.

இந்தியாவிலும் 2021ல் மாணவர்களைக் கூப்பிட வேண்டி வந்தது. மே 3 அன்று மத்திய அரசு முதுநிலை நீட் தேர்வைத் தள்ளிவைத்து, இன்டர்ன்களையும் இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களையும் கோவிட் பணிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்தது. இறுதியாண்டு மாணவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன? தொலைபேசியில் ஆலோசனை சொல்வது, லேசான நோய் கண்டவர்களை மேற்பார்வையில் கவனிப்பது. எச்சரிக்கையான முடிவு, தவறென்று சொல்ல முடியாது. ஆனாலும் உறுத்துகிறது. நாலரை வருடப் படிப்பை முடிக்கப் போகிறவரை ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் தனியாக விடலாமா என்று ஒரு நாடு யோசிக்க வேண்டியிருந்தால் யோசனைக்குரியவர் அந்த மாணவர் அல்ல.

அடிப்படை சுவாச சிகிச்சை என்று சொல்லும்போது பலர் மனத்தில் எழுவது திரையில் பச்சைக் கோடு ஓடும் வென்டிலேட்டர். உண்மையில் அது கடைசிப் பாடம். முதல் பாடம் பள்ளிக்கூடக் கணக்கு.

வார்டுகளில் 'ஜம்போ' என்று அழைக்கப்படும் பெரிய சிலிண்டரில், கறுப்பு உடல், வெள்ளைத் தோள், சுமார் 7,000 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். ஆம்புலன்ஸில் போகும் சிறிய 'பி' வகையில் சுமார் 1,500 லிட்டர். நிரம்பியிருக்கும்போது அழுத்தமானி 150 காட்டும். பாதி தீர்ந்தால் 75. இப்போது கணக்கு: மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு மூன்று மணி நேரப் பயணம். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது. சிறிய சிலிண்டர், முழுதாக இருக்கிறது. புறப்படலாமா? கூடாது. 150 நிமிடத்தில் தீர்ந்துவிடும். முள் 75ல் நின்றால் 75 நிமிடம்தான். முள்ளைப் பார்த்து நிமிடம் சொல்லத் தெரியாமல் ஆம்புலன்ஸில் ஏறுகிற நர்ஸோ டெக்னீஷியனோ, நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு தாபா அருகே அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்வார். மூக்கு வழியே வேகமாக ஆக்ஸிஜன் செலுத்தும் 'ஹை ஃப்ளோ' கருவி இன்னும் பெரிய குடிகாரன். நிமிடத்துக்கு 60 லிட்டர் சுத்தமான ஆக்ஸிஜன் ஓடினால் ஜம்போ சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 2021 ஏப்ரலில் நாடு மூச்சுத் திணறியதற்கு உற்பத்தியும் போக்குவரத்தும் முக்கியக் காரணங்கள். குமிழைத் திருப்பிய பிறகு திரும்பிப் பார்க்காத பழக்கத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

மகாராஷ்டிராவின் ஆதிவாசி மாவட்டமான நந்துர்பார் இதைப் புரிந்துகொண்ட இடங்களில் ஒன்று. அங்கே 'ஆக்ஸிஜன் நர்ஸ்' என்று தனியாக ஆள் போட்டார்கள். படுக்கை படுக்கையாகப் போய் நோயாளியின் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்து, தேவைக்கு மேல் ஓடுவதைக் குறைப்பது, போதாதவருக்குக் கூட்டுவது, இதுதான் வேலை. கேட்டால் சிரிப்பு வரும், இதற்கு ஒரு பதவியா என்று. ஆனால் நோயாளி மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடும்போது 15 லிட்டர் வேகத்தில் கூரைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஆக்ஸிஜனை நிறுத்துவது யார் வேலை என்று எந்த ஆஸ்பத்திரி விதியிலும் எழுதப்படாமல் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று தில்லி எய்ம்ஸில் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒருவராவது 'ஆக்ஸிஜன் காப்பாளர்' என்று பயிற்சி பெற வேண்டும், அவர் மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது ஏற்பாடு.

கணக்குக்கு அடுத்தது மாஸ்க்குகள். மூக்கில் செருகும் மெல்லிய குழாய்க்கு 5 லிட்டருக்கு மேல் கொடுத்தால் பலன் கூடாது, மூக்குதான் காயும். பை தொங்கும் மாஸ்க்குக்கு 10 லிட்டருக்குக் குறைந்தால் பை சப்பிப்போகும். நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வினாடி வேலை. நிறம் நிறமாக மூக்குள்ள வென்சுரி மாஸ்க்கில் நீலம் 24 சதவிகிதம், வெள்ளை 28, மஞ்சள் 35, சிவப்பு 40, பச்சை 60. மாணவர்கள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் எதற்காக இத்தனை நிறம் என்று கேட்டால் தயங்குகிறார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு ஆக்ஸிஜன் அதிகமானால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கமே வந்துவிடும். எனவே அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரை. நூறைக் காட்டினால்தான் நிம்மதி என்று குமிழைத் திருகும் உறவினரையும், அவரோடு சேர்ந்து திருகும் இன்டர்னையும் தடுக்க ஒரே வழி, ஏன் என்று விளக்குவது. சின்ன விஷயமல்ல. 2016ல் இந்தியாவில் இந்த நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 5.5 கோடி என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த கணக்கு சொல்கிறது. பீடி மட்டுமல்ல காரணம், சமையலறைப் புகையும்தான். சுள்ளியும் வறட்டியும் எரித்து முப்பது வருடம் ரொட்டி சுட்ட பெண்கள், ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாமல், இருமிக்கொண்டே வார்டுக்கு வருகிறார்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பும் அளவும் கற்றுத்தர வேண்டிய ஒன்று. நகச்சாயம் அதை ஏமாற்றும். குளிர்ந்துபோன விரல் ஏமாற்றும். கறுத்த தோல் உள்ளவர்களிடம் கருவி சில சமயம் உண்மையைவிட அதிகமாகக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு, இந்திய வார்டுகளில் கிடைத்ததைவிட அதிக கவனத்துக்குரியது. திரையில் 95, ஆனால் நோயாளி ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை மூச்சு வாங்குகிறார் என்றால் நம்ப வேண்டியது நோயாளியை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரம் பார்த்து முழு நிமிடம் எண்ணுவதுதான் இந்தப் படிப்பிலேயே மலிவான பாடம். வார்டில் மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் அதுதான். கேஸ் ஷீட்டில் படுக்கைக்குப் படுக்கை ஒரே எண் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தாலே தெரியும், யாரும் எண்ணவில்லை என்று.

நல்ல ஆசிரியர்கள் சில தந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை மட்டும் வாயில் வைத்து ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வார்கள். அரை நிமிடத்தில் மாணவர் பிடுங்கி எறிவார். அடைப்பு நோயாளி நாள் முழுக்க இப்படித்தான் இருக்கிறார் என்று சொன்னால் அதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம். மூச்சு வலுவூட்டும் இயந்திரத்தின் இறுக்கமான மாஸ்க்கை மாணவர் முகத்திலேயே மாட்டி, காற்றைத் திறந்துவிடுவார்கள். முதல் சில வினாடி பயம், பிறகு பழக்கம். அதை அனுபவித்தவர், நோயாளி மாஸ்க்கைத் தள்ளும்போது 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு நகர மாட்டார். முதலில் கையால் பிடித்து வைத்துப் பழக்கிவிட்டு, பிறகே பட்டையை மாட்டுவார், பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து.

இன்ஹேலர் இன்னொரு நாடகம். 'பம்ப்' என்று ஜனங்கள் அழைக்கும் அந்தச் சின்னக் கருவியை வாயில் வைத்து அழுத்தத் தெரியாதவர் யார் என்று தோன்றும். மாணவர்களிடம் மருந்தில்லாத இன்ஹேலரைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னால் தெரியும். குலுக்க மறப்பவர்கள், மூச்சை வெளியே விடாமலே இழுக்கத் தொடங்குபவர்கள், அழுத்திவிட்டுப் பிறகு இழுப்பவர்கள், பத்து வினாடி அடக்காமல் உடனே விட்டுவிடுபவர்கள். மருந்து தொண்டையில் படிந்து நின்றுவிடும். நோயாளி 'பம்ப் எனக்குக் கேட்கவில்லை' என்பார், டாக்டர் டோஸைக் கூட்டுவார். 'பம்ப் பழகினால் விட முடியாது' என்ற பயம் வேறு ஊர் ஊராக இருக்கிறது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இடையில் ஒரு ஸ்பேஸர் குப்பி வேண்டும். அதற்குக் காசில்லை என்றால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் நுழையும் அளவு துளையிட்டால் போதும் என்பதைத் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆஸ்துமா குழந்தைகளிடம் சோதித்து 1999லேயே நிரூபித்துவிட்டார்கள். பாட்டில் இந்தியாவில் கிடைக்காத பொருளல்ல.

இதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. தில்லி ஆஸ்பத்திரிகளில் கேரளத்து நர்ஸ்கள் பிகார் மூதாட்டிகளுக்கு மூச்சுப் பயிற்சி கற்பிக்கிறார்கள். 'லம்பி சாஸ் லீஜியே, ரோக்கியே' என்று சொல்ல ஆறு மாதத்தில் வந்துவிடும். மூதாட்டி போஜ்புரியில் திரும்பக் கேட்கும் சந்தேகம்தான் புரியாது. அங்கே வேலை செய்வது மொழியல்ல. நர்ஸ் தன் வயிற்றின் மேல் ஒரு கையும் மூதாட்டியின் வயிற்றின் மேல் ஒரு கையும் வைத்து, தானே மூச்சு விட்டுக் காட்டுவார்.

குழாய் வழியே சளி உறிஞ்சுவது போன்ற வேலைகளில் எண்களை மீறவே கூடாது. உறிஞ்சும் குழாய் மூச்சுக் குழாயின் அகலத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒருமுறைக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் கூடாது. மாணவர்களைத் தம் மூச்சையும் அடக்கிக்கொண்டு செய்யச் சொல்வது பழைய முறை, இன்றும் அதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. ஈரப்பதக் குப்பியில் சுத்திகரித்த நீர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் அல்ல. கறுப்புப் பூஞ்சை பரவிய 2021 மே மாதத்தில் இது எச்சரிக்கையாகவே வெளியிடப்பட்டது. அந்த நோய்க்குச் சர்க்கரையும் ஸ்டீராய்டும் பெரிய காரணங்கள்; அதற்காகக் குப்பியைக் கழுவாமல் விட முடியாது.

கடைசியில் வென்டிலேட்டர். அங்கேயும் முதல் பாடம் பொத்தான் அல்ல, அளவு நாடா. எவ்வளவு காற்று கொடுப்பது என்பதை நோயாளியின் எடை தீர்மானிப்பதில்லை, உயரம் தீர்மானிக்கிறது. பருத்தவருக்கு நுரையீரல் பருப்பதில்லை. 160 செ.மீ. உயரமுள்ள ஆணுக்குக் கணக்கில் எடுக்க வேண்டிய எடை சுமார் 57 கிலோ, அவர் தராசில் 85 காட்டினாலும். நோயுற்ற நுரையீரலுக்குக் கிலோவுக்கு 6 மில்லி என்றால் மூச்சுக்கு சுமார் 340 மில்லி. அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்து 2000ல் வெளியான பரிசோதனையில், கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31. மருந்தில்லை, புது இயந்திரமில்லை. குறைவாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

யார் இதையெல்லாம் கற்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். அமெரிக்காவில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று தனித் தொழிலே உண்டு. இந்தியாவிலும் மணிப்பால் போன்ற இடங்களில் பட்டப்படிப்பு இருக்கிறது. பெரும்பாலும் மூன்று வருட வகுப்பு, ஒரு வருட ஆஸ்பத்திரிப் பணி. படித்து முடித்தவர்களில் பலர் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் விமானம் ஏறினால் குறை சொல்ல முடியாது. இங்கே அவர்களுக்குப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளைத் தாண்டினால் பதவிப் பெயர்கூட இருப்பதில்லை. 2021ல் பார்லிமென்ட் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் சுவாசத் தொழில்நுட்பவியலாளரையும் பட்டியலில் சேர்த்தது. பதிவேடு, பாடத்திட்டம், தகுதி எல்லாம் வரும் என்றார்கள். மாநிலங்கள் அசையாததால் 2024ல் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டி வந்தது.

எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் 2019ல் மாறியபோது ஒவ்வொரு திறனுக்கும் ஒரு குறியீடு கொடுத்தார்கள்: அறிவது, எப்படி என்று அறிவது, செய்துகாட்டுவது, தானே தனியாகச் செய்வது. நல்ல ஏணி. ஆனால் பெரும்பாலான திறன்கள் மூன்றாவது படியிலேயே நின்றுவிடுகின்றன. பொம்மையிடம் ஒருமுறை செய்துகாட்டினால் பதிவேட்டில் கையெழுத்து விழுந்துவிடும். பிறகு முதுநிலை நுழைவுத் தேர்வுக்கான கேள்வி வங்கி மாணவரை விழுங்கிவிடுகிறது. அதில் வென்சுரி மாஸ்க்கின் நிறம் கேட்பார்கள், பிடித்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள்.

இந்தியாவால் இதைச் செய்ய முடியாது என்பதும் உண்மையல்ல. பிறந்த குழந்தைகள் விஷயத்தில் செய்திருக்கிறது. பத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சைத் தொடங்கக் கொஞ்சம் உதவி தேவைப்படும். 2009ல் மத்திய அரசு தொடங்கிய 'நவஜாத் சிசு சுரக்ஷா' திட்டத்தில், பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு இரண்டே நாள் பயிற்சி. துடைப்பது, தட்டி எழுப்புவது, அப்போதும் அழாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் பையை எடுப்பது. இங்கே வேகம் வேறு. நிமிடத்துக்கு 40 முதல் 60. பெரியவருக்குப் பழகிய கை இங்கே மறுபடி பழக வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் ஆக்ஸிஜன்கூட வேண்டாம், அறைக் காற்றே போதும். சிலிண்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது நடக்கும் என்று அர்த்தம். பயிற்சிக்கு இப்போது தண்ணீர் ஊற்றி நிரப்பும் பொம்மைகூட உண்டு. தூக்கினால் குழந்தையின் கனமே இருக்கும். குறை ஒன்றுதான். கையில் ஏறிய திறன் சில மாதங்களில் இறங்கத் தொடங்கும். பயிற்சி முடிந்ததும் பொம்மையை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பொறுப்பாளர் எடுத்துப்போகும் இடங்களில் அது சீக்கிரமே இறங்கும். பிரசவ அறையிலேயே பொம்மையை வைத்து, ஷிஃப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் அழுத்திப் பார்க்கும் இடங்களில் நிற்கிறது.

பயிற்சிக் கூடத்தில் மூன்றாவது சுற்று. ஆசிரியர் இப்போது புதிதாக ஒன்று செய்கிறார். பை பிடித்திருப்பவர் எண்ணக் கூடாது, சுற்றி நிற்பவர்கள் உரக்க எண்ண வேண்டும். காலையில் சிரிப்புக்கு ஆளான மாணவரின் முறை வருகிறது. மூன்று விரல்கள் தாடையைத் தூக்குகின்றன. அழுத்தல். பிளாஸ்டிக் மார்பு மெதுவாக எழுந்து தாழ்கிறது. இரண்டு, மூன்று, நான்கு. கை துடிக்கிறது, காத்திருக்கிறது. கதவருகே, காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு போக வந்த வார்டு ஊழியர் நின்று பார்க்கிறார். இரவில் நோயாளியை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பையைப் பிடிப்பவர் பல நேரம் அவர்தான். பயிற்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஐந்து என்று எண்ணும்போது அவர் உதடும் அசைகிறது.